இன்றைய நாவல்கள் வழியே மேல்நிலை ஆங்கிலம்: கல்லூரி மாணவருக்கு ஓர் அறிமுகம்

பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் படித்தாகிவிட்டது. இலக்கணப் பிழைகள் அதிகம் வருவதில்லை. ஆங்கிலச் செய்தித்தாளைப் பிரித்தால் விஷயம் புரிகிறது. ஆனாலும் வகுப்புக் கருத்தரங்கில் பேச எழுந்தால் வாக்கியங்கள் விறைத்துக்கொள்கின்றன. பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் ஒன்று அதட்டலாக அமைகிறது, அல்லது கெஞ்சலாக அமைகிறது. இந்த இடத்தில் வந்து நின்றுவிடும் மாணவர்கள் ஏராளம். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. நான்காம் படியான பி2 வரை பாடநூலும் பயிற்சித்தாளும் நம்மைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஐந்தாம் படியான சி1 வேறு மாதிரியானது. நீளமான, கடினமான எழுத்தைப் படித்து, அதில் வெளிப்படையாகச் சொல்லாமல் விடப்பட்டதையும் உணர்ந்துகொள்ள வேண்டும் என்று அந்தப் படி கேட்கிறது.

இந்த நிலையில் பலரும் செய்வது, கடினச் சொற்களின் பட்டியல் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்வது. போட்டித் தேர்வுக்கு அது உதவலாம். ஆனால் மேல்நிலை ஆங்கிலம் என்பது அபூர்வமான சொற்களின் குவியல் என்ற எண்ணமே தவறு. அதன் பெரும்பகுதி நாம் ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்ட சொற்களால் ஆனது: கெட், டேக், வுட், ஈவன், அட் லீஸ்ட், ஆஃப்டர் ஆல். இவை எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகின்றன, யார் யாரிடம் சொல்கிறார்கள், என்ன தொனியில் சொல்கிறார்கள் என்பதுதான் நமக்குப் பிடிபடாமல் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள இன்றைய ஆங்கில நாவலைப் போல வளமான இடம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதையும், எப்படி என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

இரண்டு வகை வாசிப்பு

மொழி கற்பிப்போர் வாசிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு தொடராக ஆராய்ந்து படிப்பது ஒன்று; ஆழ்ந்த வாசிப்பு எனலாம். கதையின் போக்கில் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போவது இன்னொன்று. அது பரந்த வாசிப்பு. இந்தப் பிரிவினையை ஹெரால்ட் பால்மர் என்ற பிரிட்டிஷ் மொழியறிஞர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் முதலில் வேண்டியது சரளமாகப் படிக்கும் திறன்தான் என்று வாதிட்டார். குறைந்த சொற்களைக் கொண்டு எழுதப்பட்ட கதைப் புத்தக வரிசை ஒன்றையும் உருவாக்கினார்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நம் பாடத்திட்டத்தில் வெகுகாலமாக இருக்கும் 'நான்-டீடெயில்' என்ற துணைப்பாடம் இந்தப் பரந்த வாசிப்புக்காக வந்ததுதான். உரைநடையும் செய்யுளும் வரி வரியாக நடத்தப்படும். துணைப்பாடக் கதையை மாணவரே வீட்டில் படித்துவர வேண்டும். நோக்கம் அருமையானது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். தேர்வில் ஒரு கட்டுரைக் கேள்வி வரும். அதற்கு கைடில் பதில் இருக்கும். நாவலைத் தொடாமலே தேர்ச்சி பெற்றுவிடலாம். கதைச்சுருக்கம் மனதில் தங்கும், ஆங்கிலம் தங்காது. பரந்த வாசிப்பு பலிக்காமல் போகவில்லை. நம் வகுப்பறைகள் பலவற்றில் அது இன்னும் தொடங்கவே இல்லை.

தொடங்கிய இடங்களில் பலன் இருந்திருக்கிறது. ஜப்பானில் பெனிகோ மேசன் என்ற ஆசிரியர், ஆங்கிலத்தில் தோற்று அதே பாடத்தை மறுபடி எடுத்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு இலக்கணப் பயிற்சிக்குப் பதிலாக எளிய கதைப் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீஃபன் கிராஷனுடன் சேர்ந்து 1997இல் அவர் வெளியிட்ட கட்டுரை அதன் விளைவைச் சொல்கிறது. வழக்கமான வகுப்பு மாணவர்களைவிடப் பின்தங்கியிருந்தவர்கள், ஒரு பருவத்துக்குள் அந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். ஆங்கிலம் என்றாலே ஒதுங்கியவர்களில் பலருக்குப் படிப்பதில் விருப்பமும் வந்திருந்தது.

ஒரு பக்கத்தில் எத்தனை தெரியாத சொற்கள் இருக்கலாம்?

இது முக்கியமான கேள்வி. நாவலை எடுத்துப் பத்தே பக்கத்தில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். ஒரு கதையை யார் உதவியும் இல்லாமல் வசதியாகப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் கணித்தார்கள். 98 என்றதும் கடுமையாகத் தோன்றும். ஒரு பக்கத்துக்கு 300 சொற்கள் என்று வைத்துக்கொண்டால் தெரியாத சொற்கள் ஆறு. 95 சதவீதம் தெரிந்தால் பதினைந்து. தட்டுத் தடுமாறிப் போய்விடலாம். 90 சதவீதம்தான் தெரியும் என்றால் பக்கத்துக்கு முப்பது சொற்கள் தெரியாது. அந்த நிலையில் நாவல் வாசிப்பு வெறும் அகராதி வேலையாகிவிடும்.

அந்த இருவரில் ஒருவரான பால் நேஷன் 2006இல் இன்னொரு கணக்கும் தந்தார்: நாவல் போன்ற எழுத்தில் அந்த 98ஐ எட்ட எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். கல்லூரியில் சேரும் மாணவரிடம் இத்தனை பொதுவாக இருக்காது. அதனால் முதல் நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது விருதையோ விமர்சகரின் புகழுரையையோ பார்க்க வேண்டாம். நூலகத்தில் நின்றபடியே நடுவில் ஏதேனும் இரண்டு பக்கங்களைப் படியுங்கள். பக்கத்துக்கு ஆறேழு சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடினமான நாவலைப் பாதியில் விட்டவரைவிட எளிய நாவலை முடித்தவருக்கே மொழி வரும்.

மூன்று வாக்கியங்கள்

நாவல் எதைக் கற்றுத்தருகிறது என்பதை அருகில் வைத்துப் பார்ப்போம். இந்த விளக்கத்துக்காக நானே எழுதிய மூன்று வாக்கியங்கள் இவை. இன்றைய நாவல்களின் நடையைப் பின்பற்றுபவை:

'ஷி லுக்ட் அட் த க்ளாக். ஹி வாஸ் லேட், ஆஃப் கோர்ஸ். ஹி வுட் ஹேவ் அன் எக்ஸ்க்யூஸ் ரெடி.'

தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இது கதைசொல்லியின் வாக்கியம். அடுத்ததில் வரும் 'ஆஃப் கோர்ஸ்' யாருடையது? கதைசொல்லிக்கு அப்படிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அது அந்தப் பெண்ணின் மனக்குரல். 'என்று அவள் நினைத்தாள்' என்ற குறிப்பு கிடையாது, மேற்கோள் குறியும் கிடையாது. ஆனாலும் அந்த இரண்டு சொற்களிலிருந்து எத்தனை தெரியவருகிறது! அவன் இப்படித் தாமதமாக வருவது முதல் தடவை அல்ல. அவளுக்குச் சலித்துவிட்டது. ஆனாலும் காத்திருக்கிறாள். மூன்றாவது வாக்கியத்தின் 'வுட்', பள்ளி இலக்கணத்தில் 'வில்' என்பதன் இறந்தகாலம் என்று படித்ததுதான். இங்கே அவள் மனதில் ஓடும் எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது: சாக்கு ஒன்றைத் தயாராக வைத்திருப்பான்.

கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் பாத்திரத்தின் குரல் கலந்துவிடும் இந்த உத்தியை ஆங்கிலத்தில் 'ஃப்ரீ இன்டைரக்ட் ஸ்டைல்' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேன் ஆஸ்டின் இதைத் தேர்ச்சியுடன் கையாண்டார். இன்றைய நாவலில் இது பக்கத்துக்குப் பக்கம் வரும். இதைக் கவனிக்காத மாணவர், பாத்திரத்தின் எரிச்சலை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வார்.

இந்த நுட்பம் தமிழருக்கு அந்நியமானது அல்ல. 'வந்தான்', 'வந்தேவிட்டான்', 'வந்தானாம்' என்ற மூன்றுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். 'ஆம்' என்ற சின்ன விகுதி, 'நான் கேள்விப்பட்டதுதான், பொறுப்பு என்னுடையதல்ல' என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் அந்த வேலையை 'அப்பேரன்ட்லி', 'சப்போஸட்லி' போன்ற சொற்களிடம் விடுகிறது. இவற்றின் பொருள் அகராதியில் உண்டு. ஆனால் ஒருவர் எப்போது இதை நடுநிலையோடு சொல்கிறார், எப்போது சந்தேகத்தோடு சொல்கிறார் என்பது பல பாத்திரங்களின் வாயிலிருந்து பலமுறை கேட்ட பிறகே காதில் படியும்.

பல்கலைக்கழகப் படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு இருக்கிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையில் 'ஆசிரியர் காட்டுகிறார்' என்பதற்கு 'ஷோஸ்' என்று எழுதினால் நீங்களும் அதை ஏற்கிறீர்கள். 'க்ளெய்ம்ஸ்' என்று எழுதினால் ஒரு விரல்கடை தள்ளி நிற்கிறீர்கள். எந்தக் கருத்து யாருடையது என்று பிரித்தறியும் பழக்கம் நாவலில் வந்துவிட்டால் பாடப் புத்தகத்திலும் கைகொடுக்கும்.

மின்னஞ்சல் விஷயத்துக்கு வருவோம். தமிழில் மரியாதையை 'நீங்கள்' என்ற ஒரு சொல்லிலேயே வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. அதனால் மரியாதை வினைச்சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்' என்று ஒருவர் தொடங்கும்போது, 'வாஸ்' நேற்றைய நிகழ்ச்சியைச் சொல்லவில்லை. காலத்தில் ஓரடி பின்வாங்கி நின்று பணிவைக் காட்டுகிறது. நாவலில் ஒரே பெண் மேலதிகாரியிடமும் அம்மாவிடமும் தோழியிடமும் பேசுவாள். மூன்று இடத்திலும் வினைச்சொற்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டே போகலாம். பாடநூல் உரையாடல்களில் எல்லோரும் எல்லோரிடமும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்.

ஏன் இன்றைய நாவல்?

செவ்வியல் நாவல்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டிக்கன்ஸும் ஹார்டியும் இலக்கியமாகப் படிக்க வேண்டியவர்கள். ஆனால் அங்கிருந்து எடுத்த தொடரை இன்றைய கட்டுரையில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும். தொலைபேசி உரையாடல், நேர்காணல், அலுவலகக் கூட்டம், மருத்துவமனை, வாடகை வீடு, பிரிவு, சமாதானம் ஆகியவற்றில் இன்று புழங்கும் மொழி கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளின் நாவல்களில்தான் இருக்கிறது.

முதல் நாவலாக மார்க் ஹேடனின் 'த கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்' பலருக்கும் பொருந்தும். 2003இல் வந்தது. கதை சொல்பவன் பதினைந்து வயதுச் சிறுவன். உருவகப் பேச்சு அவனுக்குப் பிடிக்காது, வாக்கியங்கள் நேராக இருக்கும். அத்தியாயங்களுக்கு 2, 3, 5, 7 என்று பகா எண்களாகவே எண் போட்டிருப்பான். கணித மாணவர்களுக்குக் கொண்டாட்டம். அதே ஆண்டில் வந்த ஜும்பா லஹிரியின் 'த நேம்சேக்' அடுத்த படியாகலாம். அமெரிக்காவில் குடியேறிய வங்காளிக் குடும்பத்தின் கதை. நிகழ்கால வினைகளில், தெளிந்த நடையில் போகிறது. பெயர் வைப்பது, உறவுமுறை, வீட்டுச் சமையல் எல்லாம் நமக்குப் பழகிய உலகமாதலால் கவனத்தை முழுவதும் மொழியில் வைக்கலாம். லஹிரி பிறகு இத்தாலிய மொழியில் மூழ்கி, 2012இல் ரோமுக்கே குடிபோய், 2015இல் அந்த மொழியிலேயே ஒரு நூலை வெளியிட்டார் என்பதும் மொழி கற்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது.

கொஞ்சம் பழகியதும் கசுவோ இஷிகுரோவிடம் போங்கள் என்பேன். நாகசாகியில் பிறந்து ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். 2017இல் நோபல் பரிசு பெற்றார். 2005இல் வந்த அவருடைய 'நெவர் லெட் மி கோ' நான் மேலே சொன்ன கருத்துக்கெல்லாம் நேரடிச் சான்று. அதில் கடினச் சொல் மிகக் குறைவு. கேத்தி என்ற பெண் பழைய பள்ளி நாட்களை நிதானமாக நினைவுகூர்கிறாள். 'கேரர்' (கவனித்துக்கொள்பவர்), 'டோனர்' (கொடையாளர்), 'கம்ப்ளீட்' என்ற சாதாரணச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'கம்ப்ளீட்' என்பதற்கு அகராதியில் 'முடித்தல், நிறைவுசெய்தல்' என்றுதான் இருக்கும். அந்த மனிதர்கள் எதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பது பக்கங்களைக் கடந்து மெல்ல விளங்கும்போது முதுகுத்தண்டு சில்லிடும். சொல்லாமல் விட்டதைப் படிப்பது என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக ஒரு பாடநூலால் காட்ட முடியாது.

அருந்ததி ராயின் 1997 நாவலான 'த காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்', ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா' இரண்டும் புக்கர் பரிசு பெற்றவை. கேரளமும் கொழும்பும் நமக்கு நெருங்கிய நிலங்கள் என்பதால் இவற்றையே முதலில் எடுக்கத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். ராய் பெரிய எழுத்துகளையும் சொற்பிரிப்பையும் குழந்தைகளின் காதுக்கேற்பக் கலைத்துப் போடுகிறார். கருணாதிலக முழுக் கதையையும் 'நீ' என்று முன்னிலையில் சொல்கிறார். ஆங்கிலத்தின் வழக்கமான ஓட்டம் தெரிந்த பிறகே அவர்கள் அதை எங்கே மீறுகிறார்கள் என்று ரசிக்க முடியும்.

படிக்கும் முறை

எந்த நாவலிலும் முதல் முப்பது பக்கங்கள்தான் மேடு. பெயர்கள், இடம், ஆசிரியரின் நடை எல்லாம் புதிது. அதைக் கடந்தால் அவர் விரும்பிப் பயன்படுத்தும் சொற்கள் திரும்ப வரத் தொடங்கும், வேகம் தானாகக் கூடும். நாளுக்கு இருபது பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 150 சொற்கள் வேகத்தில் நாற்பது நிமிடம் ஆகும். முந்நூறு பக்க நாவல் பதினைந்து நாளில் முடிந்துவிடும். ஒரு பருவத்தில் மூன்று நாவல்கள் என்பது பேராசை இல்லை.

படிக்கும்போது அகராதியைத் திறக்காதீர்கள். தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். நூலகப் புத்தகமானால் ஒரு துண்டுத்தாளில் பக்க எண்ணைக் குறியுங்கள். அத்தியாயம் முடிந்ததும் திரும்பிப் பார்த்தால் பாதிச் சொற்கள் இடத்தை வைத்தே விளங்கியிருக்கும். மீதியில், மூன்று முறைக்கு மேல் வந்தவற்றை மட்டும் தேடுங்கள். குறிப்பேட்டில் சொல்லைத் தனியாக எழுதவே கூடாது. அது வந்த முழு வாக்கியத்தையும், யார் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தனிச் சொல் மூன்று நாளில் மறக்கும். கோபத்தில் ஒரு மகள் தந்தையிடம் சொன்ன வாக்கியம் மறக்காது.

வாரத்துக்கு ஒரு முறை அரைப்பக்கத்தை மட்டும் எடுத்து ஆழ்ந்து படியுங்கள். உரையாடல் உள்ள பகுதி சிறந்தது. இவர் ஏன் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை, இந்தத் தகவல் அப்போது யாருக்குத் தெரியும், 'ஈவன்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் என்ன குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆங்கிலத்திலேயே இதைப் பேசினால் பேச்சுப் பயிற்சியும் அங்கேயே நடந்துவிடும். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களில் இப்படிக் கூடிப் படிக்கலாம். இணையத்திலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ கதைச்சுருக்கத்தை வாங்கிப் படிப்பது பழைய கைடு படிப்பதற்குச் சமம்தான்.

முதல் நாவல் முடிந்ததும் அதே ஆசிரியரின் இன்னொரு நாவலை எடுப்பது நல்லது. அவருடைய சொற்களும் வாக்கிய அமைப்பும் ஏற்கெனவே பழகியவை. அந்த முப்பது பக்க மேடு பாதியாகக் குறைந்துவிடும்.

நாவல் தராதவையும் உண்டு. உச்சரிப்பு வராது, படித்த அத்தியாயத்தின் ஒலிநூலைக் கேட்டால் அது ஓரளவு சரியாகும். ஆய்வுக் கட்டுரையின் கட்டமைப்பு வராது. அதற்குத் துறை சார்ந்த கட்டுரைகளையும் நாளிதழ்த் தலையங்கங்களையும் கூடவே படிக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: பாத்திரங்கள் பேசும் 'கோனா', 'வானா' வகைப் பேச்சையும் வசவுகளையும் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் தேர்வுத்தாளுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பகுதி இரண்டு ஆங்கிலத்தில் நாவல் வைத்திருக்கிறோம். கேள்வியை மட்டும் மாற்றிப் பாருங்கள். 'கதாநாயகனின் குணநலன்களை விவரி' என்பதற்குப் பதிலாக, நாவலிலிருந்து அரைப்பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்து, இதில் எந்த வாக்கியம் யாருடைய குரல், எந்தச் சொல்லால் அதைக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். இதற்குப் பதில் எந்தக் கைடிலும் கிடைக்காது. நாவலைப் படித்தவர் மட்டுமே எழுத முடியும்.